நாலு பேர் சூத்திரமும் ஆறு பேர் குழுவும்: ஐஸ்விண்ட் டேல் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஃபேன்டஸி ரோல்-பிளேயிங் கேம் விளையாட ஆரம்பிக்கும் யாருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை ஒன்றுதான். முன்னால் நிற்க ஒரு ஃபைட்டர், காயம் ஆற்ற ஒரு கிளெரிக், பூட்டும் பொறியும் பார்க்க ஒரு தீஃப், தூரத்திலிருந்து மந்திரம் போட ஒரு மேஜ். இந்த நாலு பேர் இருந்தால் குழு "பேலன்ஸ்டு". ஆறு இடம் இருந்தால் மிச்ச ரெண்டுக்கு இன்னொரு ஃபைட்டரும் உங்களுக்குப் பிடித்த ஒருத்தரும். அவ்வளவுதான், கிளம்புங்க.

இந்த அறிவுரை தவறில்லை. இதைப் பின்பற்றி யாரும் கெட்டுப்போனதும் இல்லை. ஆனா ஏன் இந்த நாலு பேர், எதற்கும் எதற்கும் நடுவே சமநிலை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் கேம், பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் 2000-ல் வெளியிட்ட ஐஸ்விண்ட் டேல். காரணம் எளிது. அந்த கேமில் கதை தொடங்குவதற்கு முன்பே ஆறு பேரையும் நாமே செய்துவிட வேண்டும். வழியில் வந்து சேரும் தோழர்கள் யாரும் கிடையாது. குழு அமைப்பு என்ற ஒரே முடிவின் மேல் முழு கேமும் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முடியும்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நாலு பேர் இல்லை. மூன்றே வகைதான்: ஃபைட்டிங்-மேன், மேஜிக்-யூசர், கிளெரிக். தீஃப் அடுத்த வருஷம், 1975-ல், கிரேஹாக் என்ற இணைப்பு நூலில்தான் வருகிறார். அப்படியானால் அதற்கு முன்னால் பொறியைக் கண்டுபிடித்தது யார்? எல்லாரும்தான். "கம்பால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன்", "கதவுக்கு மேலே என்ன இருக்குன்னு விளக்கைத் தூக்கிப் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்லித்தான் ஆடினார்கள். தீஃப் வந்த பிறகு அது ஒருத்தருடைய வேலையாகி, சதவீதக் கணக்காகிவிட்டது.

கிளெரிக் வந்த கதை இன்னும் சுவாரசியம். ஆர்னெசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபாங் என்ற ரத்தக்காட்டேரிக் கதாபாத்திரம் அளவுக்கு மீறி வலுவாகிவிட, அவரை எதிர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து முளைத்தவர்தான் கிளெரிக். செத்தும் நடமாடும் ஜந்துக்களை விரட்டும் சக்தி அவருக்கு இருப்பது இதனால்தான். சாஃப்ட்வேர் ஆள் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பக்கம் வந்த பிரச்சனைக்குப் போட்ட பேட்ச், ஐம்பது வருஷமாக கட்டமைப்பின் அடித்தளமாக நிற்கிறது. நம் வேலையில் இது தினமும் நடப்பதுதானே.

ஆக, நாலு பேர் சூத்திரம் யாரோ உட்கார்ந்து வடிவமைத்த சமநிலை அல்ல. ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொருவராகச் சேர்ந்து, பிறகு பழக்கத்தால் இறுகியது.

மேஜையில் சரி, திரையில்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது இந்தப் பிரிவினைக்கு ஒரு நல்ல நியாயம் இருந்தது. நாலு நண்பர்கள் ஆடுகிறார்கள் என்றால் நாலு பேருக்கும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தால் ஒருவருக்கு வேலை, சண்டை வந்தால் இன்னொருவருக்கு வேலை. ஒவ்வொருவரும் மற்றவரால் முடியாத ஒன்றைச் செய்யும்போதுதான் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அங்கே சமநிலை என்பது ஆட்டக்காரர்களுக்கு நடுவே.

கணினிக்கு வந்தவுடன் அந்த நியாயம் போய்விட்டது. 1981-ல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் எழுதிய விசார்ட்ரியில் ஆறு பேர் குழுவை ஒரே ஆள்தான் இயக்குகிறார். மேஜ் சும்மா நின்றால் யாருக்கும் சலிப்பு இல்லை. ஏனென்றால் அதே ஆள்தான் ஃபைட்டரையும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஆனா சூத்திரம் மட்டும் அப்படியே கூடவே வந்துவிட்டது.

விசார்ட்ரி அதற்குப் புது அர்த்தம் ஒன்றைக் கொடுத்தது. வரிசையில் முதல் மூன்று பேர்தான் கைகலப்புச் சண்டையில் அடிக்கவும் அடி வாங்கவும் முடியும். பின்னால் நிற்கும் மூவர் மந்திரம் போடலாம். பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பது அங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கேள்வி "யார் யார் வேண்டும்" என்பதிலிருந்து "முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை" என்று மாறியது. இன்னொன்றும் உண்டு. குகைக்குள் குழு மொத்தமாகச் செத்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும். மீட்க இன்னொரு குழுவை அனுப்ப வேண்டும். அதாவது ஒரு குழு சமநிலையாக இருப்பது போதாது, கையிருப்பில் ஆள் இருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் பேக்கப்.

கணினி கேமில் சமநிலை என்பது ஆட்டக்காரர்களுக்கு நடுவே அல்ல, குழுவுக்கும் அந்த கேம் வைக்கும் சோதனைகளுக்கும் நடுவே என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் "பேலன்ஸ்டு பார்ட்டி" என்று பொதுவாக ஒன்று இருக்கவே முடியாது. எந்த கேமுக்கு என்று கேட்காமல் பதில் இல்லை. பிட்ச் பார்க்காமல் டீம் எடுக்க முடியாது என்கிற மாதிரிதான்.

ஐஸ்விண்ட் டேல் வைக்கும் சோதனை

பிரச்சனை என்னவென்றால், பிட்ச் பார்ப்பதற்கு முன்பே டீம் எடுக்கச் சொல்கிறது ஐஸ்விண்ட் டேல். ஈஸ்ட்ஹேவன் என்ற பனி ஊரில் கதை தொடங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் பயணக்கூட்டம் மலைப்பாதையில் பனிச்சரிவில் சிக்கி, நம் ஆறு பேர் மட்டும் மிஞ்சி, குல்டஹார் என்ற ஊரை அடைகிறோம். அதுவரை கோப்ளின், ஓர்க் மாதிரி சில்லறை எதிரிகள். அடுத்து வரும் முதல் பெரிய இடம் வேல் ஆஃப் ஷாடோஸ். அங்கே கல்லறை மேல் கல்லறை, எலும்புக்கூடுகள் கூட்டம் கூட்டமாக வரும்.

இந்த இடம்தான் ஒரு குழுவை உரசிப் பார்க்கும் கல். ஆரம்பத்தில் மேஜின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் ஸ்லீப் என்ற முதல் நிலை மந்திரம். கோப்ளின் கூட்டத்தை ஒரே வீச்சில் படுக்க வைக்கும். எலும்புக்கூடுகளுக்குத் தூக்கம் ஏது? மந்திரம் செல்லாது. அம்பு, வாள் எல்லாம் எலும்பில் அரைகுறையாகத்தான் பாயும். தண்டம், சுத்தியல் மாதிரி மொத்து ஆயுதம்தான் சரி. கிளெரிக் விதிப்படி மொத்து ஆயுதம் மட்டுமே ஏந்துபவர். விரட்டும் சக்தியும் அவரிடம் உண்டு. ஆக, ஈஸ்ட்ஹேவனில் ராஜாவாக இருந்த மேஜ் இங்கே கவண் எறிந்துகொண்டு நிற்க, ஓரமாக நின்ற கிளெரிக் முன்னுக்கு வருகிறார்.

இது நல்ல வடிவமைப்பு. கேம் தன் பாடத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது: ஒரே மாதிரி தாக்குதலில் எல்லாப் பணத்தையும் போடாதே. பாடம் புரிய ஐம்பது மணி நேரம் ஆகவில்லை. சேதமும் அதிகமில்லை. ஃபைட்டர் கையில் வாளுக்குப் பதில் தண்டத்தைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தீர்வு எந்த வகை ஆள் என்பதில் இல்லை, அந்த ஆளின் கையில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

தீஃப் விஷயத்தில் கேம் இவ்வளவு தெளிவாக இல்லை. பூட்டை உடைக்க வலுவான ஃபைட்டரே போதும், அடித்தே திறக்கலாம். இரண்டாம் நிலை மந்திரமான நாக் இருந்தால் மேஜும் திறப்பார். பொறி எங்கே என்று காட்ட கிளெரிக்கிடம் ஒரு மந்திரம் உண்டு, ஆனா கண்டுபிடித்ததை அகற்ற முடியாது. ஆக, தீஃப் செய்யும் வேலையில் முக்கால்வாசியை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். மிச்சக் கால்வாசிக்காக ஆறில் ஒரு இடத்தை முழுசாகக் கொடுக்கணுமா? சூத்திரம் கொடுக்கச் சொல்கிறது. கணக்கு வேறு சொல்கிறது.

கணக்கு

ஐஸ்விண்ட் டேல் நடப்பது ஏடி&டி இரண்டாம் பதிப்பு விதிகளில். அதில் லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி ஒவ்வொரு வகைக்கும் வேறு. இரண்டாம் லெவலுக்கு தீஃப் 1,250, கிளெரிக் 1,500, ஃபைட்டர் 2,000, மேஜ் 2,500. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு லெவலுக்கும் இரட்டிப்பு. ஃபைட்டருக்கு 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று போய் எட்டாம் லெவலுக்கு 125,000.

மனிதரல்லாத இனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வகையாக இருக்கலாம். மல்டி-கிளாஸ். கிடைக்கும் புள்ளி சரிபாதியாகப் பிரியும். "பாதிதான் கிடைக்கும், அப்போ பாதி பலம்தான்" என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 128,000 புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர் மட்டும் என்றால் 8-ம் லெவல். மேஜ் மட்டும் என்றாலும் 8-ம் லெவல். இரண்டும் சேர்ந்தவர் என்றால் பக்கத்துக்கு 64,000. ஃபைட்டர் 7, மேஜ் 7! ஒரே ஒரு லெவலை விட்டுக்கொடுத்து இன்னொரு முழு ஆளின் திறமையை வாங்கிவிட்டோம். ஃபைட்டர்/தீஃப் என்றாலும் 7/7. தனி தீஃப் ஆக இருந்திருந்தால் 9. புள்ளி இரட்டிப்பாக ஏறும் ஏணியில் பாதியை இழப்பது என்றால் ஒன்றிரண்டு படி இழப்பு, அவ்வளவுதான்.

விலை இல்லாமல் இல்லை. கவசம் போட்டால் மந்திரம் வராது, கனமான கவசம் போட்டால் ஒளிந்து நடக்க முடியாது. உயிர்ப்புள்ளியும் இரண்டு வகையின் சராசரியாகத்தான் ஏறும். ஆனா ஒரு தீஃப்க்கு முழு இடம் கொடுப்பதா, அல்லது ஃபைட்டர்/தீஃப் ஒருவரைப் போட்டு இடத்தை மிச்சம் பிடிப்பதா என்ற கேள்விக்குக் கணக்கு தெளிவாகவே பதில் சொல்கிறது.

இதே கணக்கு இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கும். "ஆறு பேர் வேண்டாம், நாலு பேர் போதும், புள்ளி அதிகம் கிடைக்கும், சீக்கிரம் லெவல் ஏறலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. எதிரியைக் கொன்ற புள்ளி குழுவுக்குள் சமமாகப் பிரியும் என்பது உண்மைதான். மொத்தம் 384,000 சம்பாதித்த குழுவை எடுப்போம். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 64,000, ஃபைட்டர் 7-ம் லெவல். நாலு பேர் என்றால் ஆளுக்கு 96,000. ஃபைட்டர் லெவல்? அதே 7-தான்! ரெண்டு ஆளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததுக்கு அந்த நேரத்தில் கையில் கிடைத்தது ஒண்ணுமில்லை. மூன்று பேராகக் குறைத்தால்தான் 8 வரும்.

ஒன்பதாம் லெவலுக்கு மேல் நிலைமை மாறுகிறது. ஃபைட்டருக்கு அதன் பிறகு இரட்டிப்பு இல்லை, ஒவ்வொரு லெவலுக்கும் 250,000 என்று நேர்கோடு. பத்து லட்சம் புள்ளியில் தனி ஃபைட்டர் 12, மல்டி-கிளாஸ் ஃபைட்டர் 10. இடைவெளி விரியத் தொடங்குகிறது. சிறிய குழுவுக்கும் இங்கேதான் உண்மையான லாபம். ஆக ஆரம்பத்துக்குச் சமநிலையான குழுவும் கடைசிக்குச் சமநிலையான குழுவும் ஒன்றல்ல. கேரக்டர் செய்யும் திரை இதில் ஒரு வார்த்தைகூட நமக்குச் சொல்வதில்லை. என் முக்கியமான குறை இதுதான். கேமுக்குள் இருக்கும் உண்மையான பரிமாற்றங்கள் எல்லாம் அட்டவணைக்குள் புதைந்து கிடக்க, திரையில் தெரிவது வகையின் பெயரும் நாலு வரி வர்ணனையும்.

பகடை என்ற பாசாங்கு

இதைவிடக் கோபம் வரவழைப்பது ரீரோல் பட்டன். வலிமை, சாமர்த்தியம், அறிவு என்று ஆறு எண்களைக் கணினி பகடை போட்டுத் தருகிறது. பிடிக்கவில்லை என்றால் மறுபடி போடலாம். எத்தனை தடவை? விரும்புகிற வரை. மேஜையில் பகடை போடுவதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. விழுந்தது விழுந்ததுதான், அதை வைத்து வாழணும். இங்கே எல்லையில்லாமல் போடலாம் என்றவுடன் அதிர்ஷ்டம் என்பதே காணாமல் போய், பொறுமைக்குப் போட்ட வரியாகிவிட்டது. அரைமணி நேரம் கிளிக் பண்ணத் தயாராக இருப்பவருக்கு நல்ல குழு, மற்றவருக்குச் சுமார் குழு. இதில் திறமைக்கும் இடமில்லை, விதிக்கும் இடமில்லை.

போதாததற்கு, ஒரு எண்ணில் குறைத்து இன்னொன்றில் கூட்டலாம். கவர்ச்சி என்ற எண் பேச்சுவார்த்தையில் முன்னால் நிற்கும் ஒருவருக்கு இருந்தால் போதும். மிச்ச ஐந்து பேரும் அதை வெட்டி வலிமையில் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஆறு பேர் குழுவில் ஐந்து பேர் முகம் பார்க்கச் சகிக்காத முரடர்கள் என்பதுதான் கணக்குப்படி சிறந்த விடை. ஒரு விதி எல்லாரையும் ஒரே விடைக்குத் தள்ளினால் அதைத் தேர்வு என்று சொல்வது எப்படி?

இதை அவர்களே உணர்ந்த மாதிரிதான் தெரிகிறது. 2002-ல் வந்த ஐஸ்விண்ட் டேல் இரண்டாம் பாகம் மூன்றாம் பதிப்பு விதிக்கு மாறியது. அங்கே பகடை கிடையாது, குறிப்பிட்ட புள்ளியைக் கொடுத்து நீயே பிரித்துக்கொள் என்றது. வரவு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகுதான் செலவு ஒரு முடிவாகிறது.

பால்டர்ஸ் கேட் சொன்ன வேறு பதில்

இதே இன்ஃபினிட்டி எஞ்சினில், கிட்டத்தட்ட இதே விதிகளில், 1998-ல் பயோவேர் செய்த பால்டர்ஸ் கேட் இந்தக் கேள்வியை முழுக்க வேறு மாதிரி கையாண்டது. அங்கே நீங்கள் செய்வது ஒரே ஒருவரை. மிச்சம் ஐந்து பேர் வழியில் கிடைப்பவர்கள். அவர்களுக்கு எண்கள் மட்டும் இல்லை, அபிப்பிராயமும் உண்டு. காலித்தும் ஜஹெய்ராவும் கணவன் மனைவி. ஒருவரை அனுப்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார். மின்ஸ்க்கைச் சேர்த்தால் டைனாஹெய்ரைக் காப்பாற்றப் போக வேண்டும். எட்வினைச் சேர்த்தால் அதே டைனாஹெய்ரைக் கொல்லச் சொல்வார். நீங்கள் ஊருக்கு நல்லது செய்து பெயர் வாங்கினால் கெட்டவர்கள் முகம் சுளித்து விலகுவார்கள்.

அங்கே எண்களை வைத்துப் பார்த்தால் சுமாரான ஆளைக்கூட விடாமல் வைத்துக்கொள்வோம். காலித் அப்படி ஒன்றும் பெரிய வீரர் இல்லை. ஆனா ஜஹெய்ரா வேண்டும் என்றால் காலித்தும் வேண்டும். ஒரு குழுவில் யார் யாரோடு ஒத்துப்போவார் என்பதும் சமநிலையின் ஒரு பகுதி என்று அந்த கேம் சொன்னது. ஆபீஸில் டீம் போட்டுப் பார்த்த யாருக்கும் இது புதுசு இல்லை. காகிதத்தில் சரியாக இருந்த குழு ரெண்டே வாரத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஐஸ்விண்ட் டேலின் ஆறு பேருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை, கோபித்துக்கொண்டு போவதில்லை. அதே காரணத்தால் அவர்கள் யாரும் நினைவிலும் நிற்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லும் விமர்சனங்கள் நிறைய உண்டு. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். குரல் இல்லாத ஆறு பேரை வைத்திருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. கேம் நம்மிடம் உணர்ச்சியைக் கேட்கவில்லை, யோசனையைக் கேட்கிறது. வாசல்படியில் ரெண்டு ஃபைட்டரை நிறுத்தி, பின்னால் வில்லாளிகளை அடுக்கி, தீக்கோளம் நம் ஆள் மேலேயே விழாத கோணத்தைத் தேடும் அந்த மூன்று நிமிஷத்தில் ஆறு பேரும் ஒரே உடம்பாக வேலை செய்யும்போது வரும் திருப்தி பால்டர்ஸ் கேட்டில் அவ்வளவாகக் கிடைக்காது. யோசனையைக் கேட்கும் கேம் யோசிக்கத் தேவையான தகவலையும் தந்திருக்க வேண்டும். தராததுதான் குறை.

அப்போ என்ன குழு எடுக்கலாம்?

இவ்வளவு படித்தவர்கள் கேட்கப் போவது இதைத்தான். என் பரிந்துரை: முன்னால் ரெண்டு பேர், ஒருவர் தனி ஃபைட்டர், இன்னொருவர் ஃபைட்டர்/கிளெரிக். நடுவில் ஒரு தனி கிளெரிக். ஞானம் 14 இருந்தாலே முதல் லெவலில் ஒன்றுக்குப் பதில் மூன்று மந்திரம் கிடைக்கும், அது ஆரம்பத்தில் பெரிய விஷயம். நாலாவது ஃபைட்டர்/தீஃப், வில்லோடு. ஐந்தாவது தனி மேஜ். கடைசி மந்திரங்களுக்கு லெவல் தேவைப்படுவதால் அவரைப் பிரிக்காதீர்கள். ஆறாவது இடத்தை உங்களுக்குப் பிடித்தவருக்கு வையுங்கள், பார்ட் ஆனாலும் சரி, ரேஞ்சர் ஆனாலும் சரி.

இதில் பூசாரி வேலை தெரிந்தவர் ரெண்டு பேர், முன்னால் நிற்கத் தெரிந்தவர் மூன்று பேர். யாராவது ஒருவர் விழுந்தால் குழுவே முடங்கும் என்ற நிலை கூடுமானவரை இல்லை. நாலு பேர் சூத்திரம் "எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறாரா" என்று மட்டும் கேட்கிறது. "அந்த ஆள் இல்லாவிட்டால்?" என்று அது கேட்பதே இல்லை. ஒரே கிளெரிக் வைத்த குழுவில் அவர் செத்த சண்டை எப்படி முடியும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

சூத்திரத்தை மனப்பாடம் பண்ணினால் ஒரு கேமை முடிக்கலாம். எதற்காக அந்த நாலு பேர் வந்தார்கள் என்று தெரிந்தால், எந்த கேமிலும் முதல் திரையில் உட்கார்ந்து, இது என்னிடம் என்ன கேட்கப் போகிறது என்று யோசிக்கலாம். இன்னும் ஆடாதவர்கள் ஒருமுறை தீஃப் இல்லாமல், இன்னொருமுறை மேஜ் இல்லாமல் வேல் ஆஃப் ஷாடோஸ் வரை மட்டும் போய்ப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று உங்கள் குழுவே சொல்லிவிடும்.